அடக்கத்திற்கு ஓர் ஆங்கிலச் சொல்

பிறந்த மண்ணை விட்டு வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம்மில் பெரும்பாலோர்க்கு நாள்தோறும் மூன்று மொழிகளோடு உறவு உண்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் அவ்வூர் மொழி, அலுவலகத்தில் ஆங்கிலம். கடைத்தெரு மொழியில் நாம் தடுமாறுகிறோம். ஆகவே எச்சரிக்கையோடு பேசுகிறோம். ஆங்கிலத்தில் தடுமாறுவதில்லை என்று நம்புகிறோம். ஆகவே எச்சரிக்கையை விட்டுவிடுகிறோம். தெரியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. அதற்கு அகராதியைப் புரட்டுவோம். தெரிந்ததாக எண்ணும் சொல்லே ஏமாற்றும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னை அவ்வாறு ஏமாற்றி, பின்னர் நல்லறிவும் புகட்டிய ஒரு சொல்லைப் பற்றி இன்று தங்களோடு பேச விரும்புகிறேன்.

‘காண்டினென்ட்’ என்பது அச்சொல். ஆசியா ஒரு காண்டினென்ட், ஆப்பிரிக்கா ஒரு காண்டினென்ட் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால் நல்ல ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து பார்த்தால், அதே எழுத்துகளோடும் அதே ஒலியோடும் ஒரு பெயரடையும் அங்கே காணப்படும். ‘தன்னடக்கம் உடைய, புலன்களைத் தன்வயப்படுத்திய’ என்பது அதன் பொருள். மாபெரும் நிலப்பரப்பிற்கும் மனிதனுடைய மனவடக்கத்திற்கும் என்ன உறவு? இரண்டும் தற்செயலாக ஒரே உருவம் பெற்ற வெவ்வேறு சொற்களோ என்று முதலில் தோன்றும். அவ்வாறன்று. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

இலத்தீன் மொழியில் ‘தெனேரே’ என்றால் பிடித்தல். அதனோடு, ‘ஒருங்கே’ என்னும் பொருளுடைய ‘கான்’ என்ற முன்னொட்டுச் சேர்ந்தால் ‘கான்டினேரே’ ஆகிறது. ஒருங்கே பிடித்து வைத்தல், சிதறாமல் உள்ளே கொள்ளுதல் என்று அதற்குப் பொருள். இக்குடும்பம் மிகப் பெரியது. ஒன்றைத் தன்னுள் கொண்டிருத்தலைக் குறிக்கும் ‘கன்டெயின்’ இதைச் சேர்ந்தது. இடைவிடாது தொடர்தலைக் குறிக்கும் ‘கன்டினியூ’ இதைச் சேர்ந்தது. உள்ளடக்கம் என்றும் மனநிறைவு என்றும் இருபொருள் தரும் ‘கன்டென்ட்’ இதைச் சேர்ந்தது. வெளியூர்களில் வாடகை வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றோர்க்கு ஆங்கிலத்தார் இட்ட ‘டெனன்ட்’ என்ற பெயரும் அந்தத் ‘தெனேரே’ என்ற வினையின் வழிவந்ததே.

இடையில் கடல் குறுக்கிடாமல் ஒருங்கே தொடர்ந்து கிடக்கும் நிலத்தை ‘டெர்ரா கான்டினென்ஸ்’ என்றனர். அத்தொடரிலிருந்தே பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நிலப்பரப்பைக் குறிக்கும் சொல் பிறந்தது. இங்கே ஒரு வேடிக்கை காண்க. அதே நிலப்பரப்பை நாம் ‘கண்டம்’ என்கிறோம். வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்குத் துண்டு என்பது பொருள். ‘கண்டதுண்டமாக வெட்டினான்’ என்று பேச்சில் வழங்குகிறோம் அல்லவா? நாம் அந்நிலத்தை உலகினின்று பிரிந்த ஒரு துண்டாகக் கண்டு பெயரிட்டோம். ஐரோப்பியர் பிரியாமல் சேர்ந்து நிற்கும் ஒரு முழுமையாகக் கண்டு பெயரிட்டனர். நிலம் ஒன்றே, பார்வை இரண்டு.

ஆனால் நிலத்தில் பிரிந்த இரு மொழிகளும் மனத்தின் வழியே சென்று வேறோர் இடத்தில் வியக்கத்தக்க முறையில் ஒன்றுகூடுகின்றன. தமிழில் ‘அடங்கு’ என்னும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்குள் பத்து நூல்கள் அடங்கும். நூலின் முகப்பில் உள்ளடக்கம் இருக்கும். அஞ்சற் செலவு உட்பட விலை சொன்னால் ‘எல்லாம் அடங்கிய விலை’ என்போம். சிறிய பொருளைக் ‘கைக்கு அடக்கமானது’ என்போம். புயல் அடங்குகிறது, பசி அடங்குகிறது, இரவில் ஊர் அடங்குகிறது. இத்தனைக்கும் மேலாக, மனிதனுடைய பண்புகளில் ஒன்றையும் ‘அடக்கம்’ என்றே அழைக்கிறோம். கொள்கலம் பொருளைத் தன்னுள் கொள்வதும் மனிதன் தன் வேட்கையைத் தன்னுள் கொள்வதும் நமக்கும் ஒரே சொல்லாகவே அமைந்தன. உரோமானியரிடம் நாம் கடன் வாங்கவில்லை. அவர்களும் நம்மிடம் வாங்கவில்லை. மனிதர் எங்கிருப்பினும் மனத்தை ஒரு கலமாகக் காண்பது இயல்பு போலும்.

ஆங்கிலத்திலும் இச்சொல்லின் கலத்தன்மை நெடுநாள் மறையாமல் இருந்தது. ஷேக்ஸ்பியர் இதற்குச் சான்று. ‘நடுவேனிற் கனவு’ என்று தமிழில் அறியப்படும் நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் வெள்ளம் பெருகி ஆறுகள் கரை கடந்தமை கூறப்படுகிறது. அங்கே கரைக்கு அவர் வழங்கிய சொல் ‘காண்டினென்ட்’ என்பதே. ஆற்றைத் தன்னுள் பிடித்து வைப்பது கரை அன்றோ? ‘லியர் மன்னன்’ நாடகத்தில் இச்சொல் இரு பொருளிலும் வருகிறது. முதல் அங்கத்தில் தந்தையின் சினம் தணியும் வரை அடக்கமாக விலகியிருக்குமாறு எட்மண்ட் தன் தமையனுக்குக் கூறுமிடத்தில் பண்பைக் குறிக்கிறது. மூன்றாம் அங்கத்தில் புயலின் நடுவே நின்று மன்னன் குமுறுமிடத்தில், குற்றங்களை மறைத்து வைக்கும் கலத்தைக் குறிக்கிறது. இவ்விடங்களில் அகராதியின் முதற்பொருளை மட்டும் நம்பிய மொழிபெயர்ப்பாளன், ஆறுகள் கண்டங்களைக் கடந்தன என்று எழுதி நகைப்பிற்கு இடமாவான்.

இனி, பண்பைக் குறிக்கும் பொருளைச் சிறிது ஆழ்ந்து நோக்குவோம். இதன் பின்னால் கிரேக்க நாட்டுச் சிந்தனை நிற்கிறது. அரிஸ்டாட்டில் தம் ‘நிக்கோமாக்கிய அறநூல்’ என்னும் பெருநூலின் ஏழாம் பகுதியில் ‘என்கிராத்தேஸ்’ என்றொரு மனிதனைப் பற்றி விரிவாக ஆராய்கிறார். ‘தன்மேல் ஆட்சி உடையவன்’ என்பது இதன் கருத்து. 1925-இல் வெளிவந்த ராஸ் என்பாரின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் இச்சொல்லுக்கு நேராக நிற்பது ‘காண்டினென்ட்’ என்பதே.

அரிஸ்டாட்டில் கூறும் வேறுபாட்டை நம் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நம்மூர்க்காரர் ஒருவர் வீட்டில் திருமண விருந்து. இலையில் பால்பாயசம் வார்க்கிறார்கள். பந்தியில் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். நால்வர்க்கும் நீரிழிவு நோய். முதலாமவர்க்குப் பாயசத்தின்மேல் ஆசையே எழவில்லை. வேண்டாம் என்று இயல்பாகக் கைகாட்டிவிடுகிறார். இரண்டாமவர்க்கு நாவில் நீர் ஊறுகிறது. ஆயினும் தமக்கு ஆகாது என்பதை நினைந்து இலையை மூடுகிறார். மூன்றாமவரும் ஆகாது என்று அறிவார். வீட்டிலிருந்து புறப்படும்போதே உறுதியும் செய்துகொண்டவர். ஆனால் பாயசத்தின் மணம் வந்ததும் உறுதி உடைந்து, உண்டுவிட்டுப் பின் வருந்துகிறார். நான்காமவர், உண்பதற்கன்றி வேறெதற்கு வாழ்க்கை என்ற கொள்கையுடையவர். இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டு வருத்தமின்றி எழுகிறார்.

இந்நால்வருள் முதலாமவரை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ‘டெம்பரேட்’ என்பர், இரண்டாமவர் ‘காண்டினென்ட்’, மூன்றாமவர் ‘இன்காண்டினென்ட்’, நான்காமவரோ தம் இன்ப வேட்கையையே கொள்கையாக்கிக் கொண்டவர். முதலாமவரே அறத்தில் முழுமை பெற்றவர் என்பது அரிஸ்டாட்டிலின் முடிவு. அவரிடம் ஆசையும் அறிவும் ஒரே திசையில் செல்கின்றன. இரண்டாமவரிடம் அவை இரண்டும் போர் புரிகின்றன, அறிவு வெல்கிறது. மூன்றாமவரை ஒரு நகரத்திற்கு ஒப்பிடுகிறார் அரிஸ்டாட்டில். அந்நகரத்தில் நல்ல சட்டங்கள் எல்லாம் உண்டு. நடைமுறையில் மட்டும் அவை இல்லை. அரசுக் கோப்புகளின் இடையே காலம் கழிக்கும் என் போன்றோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

ஆகவே, ‘காண்டினென்ட்’ என்னும் பெயரடையின் உயிர்நாடி இதுதான்: ஆசை இல்லாதவனுக்கு இச்சொல் பொருந்தாது. ஆசை இருந்து, அதனைத் தன்னுள் பிடித்து நிறுத்துகிறவனுக்கே இது உரியது. நீரில்லாத ஆற்றுக்குக் கரை வலியது என்று யாரும் புகழ்வதில்லை. வெள்ளம் வந்து, உடையாமல் நின்ற கரையையே புகழ்வோம்.

இக்கருத்திற்கு உரோம வரலாற்றில் பெயர்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. கி.மு. 209-இல் ஸிப்பியோ என்னும் இளந்தளபதி ஸ்பெயின் நாட்டில் புதிய கார்த்தேஜ் என்னும் நகரத்தைக் கைப்பற்றினார். சிறைப்பட்டவர்களுள் பேரழகி ஒருத்தி இருந்தாள். அவள் அல்லூசியஸ் என்னும் தலைவனுக்கு மணம் பேசப்பட்டவள் என்று அறிந்த ஸிப்பியோ, அவளைத் தீண்டாமல் அவனிடமே ஒப்படைத்தார். பெற்றோர் மீட்புக்காகக் கொணர்ந்த பொன்னையும் மணமக்களுக்குச் சீராக அளித்தார் என்று லிவி என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ‘ஸிப்பியோவின் காண்டினென்ஸ்’ என்ற பெயரில் இக்காட்சியை ஐரோப்பிய ஓவியர் பலர் தீட்டினர். வான் டைக், பூசேன், ரெனால்ட்ஸ் ஆகியோர் அவர்களுட் சிலர்.

லிவிக்கும் முற்பட்ட பொலிபியஸ் இதனைச் சிறிது வேறாகக் கூறுகிறார். ஸிப்பியோ பெண்கள்பால் நாட்டமுடையவர் என்பதை அவர் மறைக்கவில்லை. தாம் தனி மனிதராயின் இப்பரிசினும் இனியது பிறிதில்லை என்றும், தளபதியாக இருப்பதால் ஏற்கத்தகாதது இதனினும் பிறிதில்லை என்றும் கருதி ஸிப்பியோ மறுத்ததாக அவர் எழுதுகிறார். அந்த ஓவியங்களுக்கு ‘டெம்பரன்ஸ்’ என்று பெயரிடாமல் ‘காண்டினென்ஸ்’ என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம் என்பதைப் பொலிபியஸின் குறிப்பு நமக்குக் காட்டிவிடுகிறது. வேட்கை இருந்தது, பதவியின் கடமை அதைப் பிடித்து நிறுத்தியது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். போரில் பிடிபட்ட ஒரு பெண்ணைத் தீண்டாமல் விட்டதே பெரும்புகழ் ஆயிற்று என்றால், மற்றப் பெண்களின் நிலை அக்காலத்தில் என்னவாயிருந்திருக்கும்? புகழ்ச் சொற்களும் சில சமயம் காலத்தின் கொடுமைக்குச் சாட்சி கூறுகின்றன.

கிறித்தவ சமயம் பரவியபின் இச்சொல்லின் வாழ்வில் புதிய பகுதி தொடங்கியது. இலத்தீன் திருமறையில் இது பன்முறை வழங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கிலத் திருமறையில், தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில், சபைத் தலைவனுக்குரிய பண்புகளுள் ஒன்றாக ‘காண்டினென்ட்’ என்றே உள்ளது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் அதே இடத்தில் ‘டெம்பரேட்’ என்று மாறிவிட்டது. தமிழில் திருமறையைப் பெயர்த்தோர் அவ்விடத்தில் இட்ட சொல் ‘இச்சையடக்கம்’ என்பதாகும். இதனை நான் பெரிதும் மதிக்கிறேன். ‘இச்சை’ என்ற முதற்பகுதி வேட்கை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறது. ‘அடக்கம்’ என்ற பிற்பகுதி அது உள்ளே பிடிக்கப்பட்டது என்பதைக் கூறுகிறது. அரிஸ்டாட்டிலின் இரண்டாவது விருந்தாளி முழுமையாக அச்சொல்லில் அமர்ந்திருக்கிறார்.

கி.பி. 400-ஐ ஒட்டி அகஸ்டீன் எழுதிய ‘அறிக்கைகள்’ என்னும் தன்வரலாற்றில் காண்டினென்ஸ் ஒரு பெண்ணுருக் கொண்டு தோன்றுகிறாள். இளமையில் கற்பையும் அடக்கத்தையும் தமக்கு அருளுமாறு வேண்டியபோதே, அவை உடனே கிடைத்துவிடலாகாதே என்று உள்ளூர அஞ்சியதை அவர் ஒளிக்காமல் கூறுகிறார். பின்னர் அதே நூலில், பலவாகச் சிதறிய நாம் இவ்வடக்கத்தினாலேயே ஒன்றாகச் சேர்க்கப்படுகிறோம் என்னும் கருத்தை வெளியிடுகிறார். இலத்தீன் அறிந்த அவர், ‘ஒருங்கே பிடித்தல்’ என்னும் வேர்ப்பொருளையே அறநெறியாக விரித்துவிட்டார்.

இங்கிருந்து இச்சொல்லின் பொருள் மெல்ல மெல்லச் சுருங்கலாயிற்று. உணவு, சினம், பொருளாசை ஆகிய யாவற்றிலும் வழங்கத்தக்க சொல், காமத்தை அடக்குதல் என்னும் ஒன்றிலேயே பெரிதும் நிலைத்தது. இங்கே சில அண்டைச் சொற்களை வேறுபடுத்திக் காட்டுவது பயன்தரும்.

‘டெம்பரேட்’ என்பது அளவறிந்து கலத்தல் என்னும் பொருளிற் பிறந்தது. மிகுந்த வெப்பமும் மிகுந்த குளிரும் இல்லாத நிலப்பகுதியை மிதவெப்ப மண்டலம் என்கிறோமே, அதற்கும் இதே சொல்தான். அளவோடு துய்ப்பவன் டெம்பரேட். ‘அப்ஸ்டினென்ட்’ என்பது காண்டினென்ட்டின் உடன்பிறப்பு. அதே ‘தெனேரே’, ஆனால் முன்னொட்டு வேறு. ஒருங்கே பிடிக்காமல் அகற்றிப் பிடித்தல் அதன் பொருள். ஏகாதசியன்று உணவை விலக்குகிறவன் அப்ஸ்டினென்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியை எதிர்த்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த இயக்கம் ‘டெம்பரன்ஸ்’ என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. அளவோடு குடிக்கச் சொல்லித் தொடங்கியவர்களுள் பலர், அறவே குடிக்கலாகாது என்ற முடிவிற்கு வந்தனர். பெயர் மட்டும் மாறவில்லை. நம்முடைய ‘மதுவிலக்கு’ என்ற சொல்லில் இக்குழப்பம் இல்லை.

‘ஸெலிபேட்’ என்பதற்கு மணமாகாதவன் என்பதே முதற்பொருள். எனவே ஒருவன் ஸெலிபேட்டாக இருந்தும் காண்டினென்ட் ஆகாதிருக்கலாம். மணமானவன் காண்டினென்ட்டாக வாழ்தலும் கூடும். நம்மிடையே ‘பிரமசாரி’ என்ற சொல்லும் பேச்சு வழக்கில் மணமாகாதவன் என்றே சுருங்கிவிட்டது. காந்தியடிகள் மனைவியோடும் மக்களோடும் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபோது, 1906-இல், பிரமசரிய விரதம் பூண்டார். மனம், மொழி, மெய் மூன்றாலும் எல்லாப் புலன்களையும் அடக்குதலே பிரமசரியம் என்று தம் தன்வரலாற்றில் விளக்கினார். சுருங்கிய சொல்லை அவர் பழைய அகலத்திற்கு மீட்க முயன்றார் எனலாம். அவருடைய எழுத்துகளை ஆங்கிலத்தில் படிப்போர் ‘காண்டினென்ஸ்’ என்ற சொல்லைக் காணுமிடத்து, இந்த அகன்ற பொருளை மனத்திற் கொண்டே படித்தல் வேண்டும்.

நிற்க. இக்காலத்து ஆங்கிலப் பேச்சில் ஒரு நண்பரைக் ‘காண்டினென்ட்’ என்று புகழ்ந்தால் அவர் மகிழமாட்டார்; ஒன்று விழிப்பார், அல்லது நகைப்பார். ‘ஸெல்ஃப் கன்ட்ரோல்ட்’ என்றோ ‘ரெஸ்ட்ரெய்ன்ட்’ என்றோ கூறுவதே இன்றைய வழக்கு. பெயரடை அறநூல்களுக்குள் ஒதுங்கிவிட்டது. அதன் எதிர்மறையாகிய ‘இன்காண்டினென்ட்’ என்பதோ வேறு வழியில் நீடித்து வாழ்கிறது. அதிலும் ஒரு பொறி உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘இன்காண்டினென்ட்லி’ என்றால் சில இடங்களில் ‘உடனே’ என்று பொருள். இடையறாத காலத்தில், அதாவது தாமதமின்றி, என்ற இலத்தீன் தொடரிலிருந்து அது வந்தது. ‘ஒதெல்லோ’ நாடகத்தில் காதலில் தோற்ற ரொடெரிகோ நீரில் மூழ்கி உயிர்விடப் போவதாகக் கூறுமிடத்தில் இச்சொல் வருகிறது. உடனே மூழ்குவேன் என்பது கருத்து. அடக்கமின்றி மூழ்குவேன் என்று எழுதினால் அது மூலம் ஆகாது.

இன்று இந்த எதிர்மறைச் சொல்லைப் பெரிதும் வழங்குவோர் மருத்துவர்களே. சிறுநீரையோ மலத்தையோ தன் விருப்பப்படி நிறுத்தி வைக்க இயலாத உடல்நிலையை அவர்கள் ‘இன்காண்டினென்ஸ்’ என்பர். நான் இச்சொல்லிடம் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், முதியோரை வீட்டில் பேணும் முறை குறித்த சிறு வெளியீடு ஒன்று தமிழாக்கத்திற்காக என்னிடம் வந்தது. கலைப் பட்டம் பெற்றவன் நான்; ஆங்கில இலக்கியமும் சிறிது பயின்றவன். அறநூலிலும் திருமறையிலும் கண்ட சொல் என்ற துணிவோடு, ‘இன்காண்டினென்ட்’ நோயாளிகள் என்பதை ‘அடக்கமற்ற நோயாளிகள்’ என்று எழுதிவிட்டேன். அச்சுப்படி வந்தது. எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டில் தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருந்தார்; அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்; நல்ல தமிழறிவு உடையவர். என் அச்சுப்படிகளை அவரிடம் காட்டிப் பிழை கேட்பது என் வழக்கம். அன்றும் கொடுத்தேன். அவர் கண்ணாடியை அணிந்து படித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

“தம்பி, நாற்பது வருஷம் ஆபீஸில் வேலை பார்த்தேன். ஒருவரும் என்னை அடக்கமில்லாதவன் என்று சொன்னதில்லை. இப்போது நீங்கள் அச்சிலேயே போட்டுவிட்டீர்களே!” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பொருள் விளங்கவில்லை.

மறுநாள் அவருடைய மகன் சொல்லித்தான் அறிந்தேன். சில மாதங்களுக்கு முன் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பின் பெரியவருக்குச் சிறுநீர் நிற்பதில்லை. மாலைதோறும் கோயிலுக்கு வந்தவர் வராமற்போனதும், கச்சேரி என்றால் முதல் வரிசையில் அமர்ந்தவர் உடல் சோர்வு என்று சாக்குச் சொன்னதும் அதனால்தான். மருத்துவரிடம் மீண்டும் சென்று கூறவும் வெட்கப்பட்டு வீட்டிற்குள்ளேயே இருந்துவிட்டார். அந்த நிலையில் அவர் கைக்கு வந்த தாளில், அவர் நோயைக் குணக்கேடாக்கி நான் எழுதியிருந்தேன்.

அன்றே அச்சகத்திற்குத் தகவல் அனுப்பி, ‘சிறுநீரை அடக்க இயலாத நோயாளிகள்’ என்று திருத்தினேன். பார்ப்பதற்குச் சிறிய மாற்றமே. ‘அடக்கமற்ற’ என்பது மனிதனைக் குற்றம் சாட்டுகிறது. ‘அடக்க இயலாத’ என்பது உடலின் நிலையைக் கூறுகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒரே சொல் சுமந்து நிற்கிறது. ஆங்கில மருத்துவர்க்கு அது பழகித் தழும்பேறிய சொல். அதில் பழியின் வாடை அவர்க்கு எழுவதில்லை. தமிழில் அடக்கம் இன்னும் உயிருள்ள பண்புச்சொல். அதை இல்லை என்று சொன்னால் கேட்பவர் நெஞ்சில் தைக்கும்.

இதற்குத் தீர்வும் அரிஸ்டாட்டிலிடமே உள்ளது என்பதைப் பின்னர்க் கண்டேன். அதே அறநூலின் மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில், புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒருவன் தானே விரும்பிச் செய்யும் செயல்களுக்கே உரியன என்றும், தன் விருப்பமின்றி நிகழ்வனவற்றிற்கு மன்னிப்பும் சில வேளை இரக்கமுமே உரியன என்றும் அவர் வரையறுக்கிறார். பாயசத்தை உண்டுவிட்ட மூன்றாம் விருந்தாளியைக் கடிந்துகொள்ளலாம். அவரால் உண்ணாதிருக்க முடிந்திருக்கும். தளர்ந்த தசையும் பழுதுற்ற நரம்பும் உடைய முதியவரைக் கடிந்துகொள்ள இயலாது. அங்கே மனம் என்ற கலம் உடையவில்லை. உடல் என்ற கலத்தில் கசிவு ஏற்பட்டிருக்கிறது, அவ்வளவே. அதற்குப் பயிற்சியும் மருந்தும் தேவையாயின் அறுவையும் உண்டு. பலர்க்கு அவற்றால் குணமோ தணிவோ கிடைக்கிறது. ஆனால் வெட்கத்தால் வாய் திறவாதவர்க்கு மருத்துவன் எவ்வாறு உதவுவான்? ஒரு தவறான சொல் அவ்வாயை இன்னும் இறுக மூடிவிடும். மொழிபெயர்ப்புப் பிழை தாளோடு நிற்பதில்லை என்பதை அன்று நான் கற்றேன்.

இறுதியாக, நம் வீட்டுச் செல்வத்தையும் ஒருமுறை நினைவுகூர்வோம். திருக்குறளில் பதின்மூன்றாம் அதிகாரம் அடக்கமுடைமை. அவ்வதிகாரத்தில் புலனடக்கத்திற்கு வள்ளுவர் காட்டும் உவமை ஆமை. கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் இவ்வுவமை வருகிறது. ஆமையை எண்ணிப் பாருங்கள். அது தன் கால்களை வெட்டி எறிவதில்லை. வேண்டாதபோது ஓட்டுக்குள் வாங்கிக்கொள்கிறது. வேண்டும்போது நீட்டி நடக்கிறது. உறுப்புகள் அழியவில்லை; உள்ளே அடங்கியிருக்கின்றன. ‘கான்டினேரே’ என்னும் இலத்தீன் வினைக்கு இதனினும் சிறந்த படம் எந்த அகராதியிலும் இல்லை. அதே திருக்குறளின் காமத்துப்பாலில் 126-ஆம் அதிகாரத்திற்கு ‘நிறையழிதல்’ என்று பெயர். நெஞ்சை நிறுத்தும் திண்மைக்கு நிறை என்று பெயரிட்டனர் நம் முன்னோர். நிறை என்பதற்கு நிரம்பியிருத்தல் என்றும் பொருள் உண்டு. வெறுமையாக இருப்பவனிடம் நிறை இல்லை. நிரம்பியிருந்தும் தளும்பாதவனிடமே அது உண்டு.

அந்தப் பெரியவர் பின்னர் மருத்துவரிடம் சென்றார். சில மாதங்களில் மீண்டும் கோயில் மண்டபத்தில் அவரைக் கண்டேன். என் பிழையைப் பற்றி அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அலுவலகத்தில் எனக்குத் தலைகுனிவு ஏற்பட்டிருக்கும். சொல்லத் தோன்றியிருக்கும் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் தம்முள்ளேயே வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தின் அந்தப் பழைய பெயரடைக்கு நான் நேரிற் கண்ட பொருள் அவர்தான்.